செக்‌ஷன் 8 வவுச்சர் கையில் இருக்கிறது, 37 நாள்தான் மீதி. வீடு கொடுப்பார்களா?

இரு_பிள்ளை_அம்மா (முதல் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன். வாடகையில் ஒரு பங்கை அரசாங்கமே வீட்டுக்காரருக்குக் கட்டும் உதவிக்கு ஆறு வருடத்துக்கு முன்பு விண்ணப்பித்திருந்தேன். அந்த செக்‌ஷன் 8 வவுச்சர் போன மாதம் வந்தது. கடிதத்தைப் பிரித்த அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை. பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. அவர்களுடைய அப்பாவைப் பிரிந்து நாலு வருடம் ஆகிறது. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. இப்போது ஒரு தோழியின் வீட்டு பேஸ்மென்டில் மூன்று பேரும் இருக்கிறோம். தோழி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவள் மாமியார் வரப்போகிறார் என்று தெரிந்த பிறகு எனக்கே அங்கே உட்கார முடியவில்லை.

வீடு தேட 60 நாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் 23 நாள் போய்விட்டது. இதுவரை 19 இடத்தில் கேட்டாயிற்று. போனில் முதலில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். எந்த ஊர், எங்கே வேலை, குழந்தைகள் எந்தப் பள்ளி என்றெல்லாம் விசாரிப்பார்கள். வவுச்சர் என்று சொன்னதும் "யோசித்துச் சொல்கிறோம்" என்பதோடு சரி. 19 பேரில் 4 பேர் நம் தமிழர்கள். அதில் ஒருவர், "அந்த மாதிரி ஆட்களுக்கு நாங்க வீடு விடறதில்லைம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் காப்பகத்துக்குப் போனேன்.

60 நாளும் முடிந்துவிட்டால் ஆறு வருடக் காத்திருப்பு வீணா? இப்படி மறுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கோப்பு

தங்கச்சி, நான் வேறொரு மாநிலத்தில் ஹவுசிங் அத்தாரிட்டியின் (வவுச்சரைக் கொடுக்கும் உள்ளூர் ஏஜென்சி) வவுச்சர் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். உங்கள் கேள்விகள் எனக்குப் புதிதல்ல. வவுச்சரோடு போனவர்கள் நாள் முடிந்து வெறுங்கையோடு என் மேசைக்குத் திரும்பி வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. ஃபெடரல் விதிப்படி 60 நாள்தான் குறைந்தபட்சம். அதற்கு மேல் நீட்டிப்பது உங்கள் ஏஜென்சியின் விருப்பம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை இருக்கும். ஆனால் நாள் முடிவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். இன்றைக்கே ஒரு நோட்டை எடுங்கள். எந்தத் தேதியில் யாரைக் கூப்பிட்டீர்கள், எந்த முகவரி, என்ன வாடகை, என்ன பதில் என்று அந்த 19 இடத்தையும் எழுதுங்கள். நீட்டிப்பு கேட்கும்போது அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இணையுங்கள். கேஸ் ஒர்க்கரிடம் நேரில் அழுதவர்களைவிட, இப்படி ஒரு தாளோடு வந்தவர்களுக்குத்தான் என்னால் உதவ முடிந்தது.

இன்னொன்று, இது நிறைய பேருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு, இருவரும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை (குத்தகை ஒப்புதல் கேட்கும் ஹட் படிவம், ஹட் என்பது ஃபெடரல் வீட்டுவசதித் துறை) ஏஜென்சியில் கொடுத்த நாளிலிருந்து கடிகாரம் நின்றுவிடும். அவர்கள் சரி அல்லது இல்லை என்று சொல்லும் வரை அந்த நாட்கள் உங்கள் கணக்கில் சேராது.

இரண்டாவது கேள்வி, மறுக்கலாமா என்பது. ஃபெடரல் சட்டத்தில் இதற்குப் பொதுவான தடை இல்லை. அது மாநிலத்தைப் பொறுத்தது, நியூஜெர்சியில் மறுக்கக் கூடாது. 2002லிருந்தே பாகுபாட்டுக்கு எதிரான மாநிலச் சட்டத்தில் வாடகை எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்பதும் சேர்ந்திருக்கிறது. இனம் மதம் பார்த்து மறுப்பது எப்படித் தப்போ, வவுச்சரைக் காரணமாகச் சொல்லி மறுப்பதும் அப்படித்தான். ஒரு முக்கியமான விலக்கு உண்டு: இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டில் ஒரு பாதியில் உரிமையாளரே குடியிருந்தால், மற்ற பாதியை யாருக்கு விடுவது என்பதில் இந்தச் சட்டம் அவரைக் கட்டாது. உங்களிடம் அப்படிப் பேசியவருக்கு அந்த விலக்கு பொருந்தாவிட்டால் மாநில சிவில் உரிமைப் பிரிவில் புகார் கொடுக்கலாம், 180 நாளுக்குள். கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் உரிமை உங்களுடையது என்று தெரிந்துகொண்டு அடுத்த போனைப் போடுங்கள்.

முதல்வீடு

நானும் நியூஜெர்சிதான். ஒரு காண்டோ (சொந்தமாக வாங்கிய அடுக்குமாடி வீடு) வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்த அம்மா படும் பாடு மனதை உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு மாதாமாதம் பேங்க் கடன் கட்ட வேண்டும். அரசாங்கம் வந்து சோதித்து, பேப்பர் நகர்ந்து, முதல் பணம் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போனால் யாரிடம் கேட்பது? நான் பணக்காரன் இல்லை. பதினைந்து வருடச் சம்பளத்தில் சேர்த்த ஒரே சொத்து அது. விளம்பரத்தில் "செக்‌ஷன் 8 கிடையாது" என்று போட்டிருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய_கோப்பு

முதல்வீடு சார், அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நியூஜெர்சியில் அந்த விளம்பரமே சட்டமீறல்.

உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஏஜென்சி பார்ப்பது குடும்பத்தின் வருமானத் தகுதியை. குடியிருக்க நல்லவரா என்று பார்ப்பது உங்கள் வேலை, அந்த உரிமையை யாரும் பிடுங்கவில்லை. முந்தைய வீட்டுக்காரரிடம் கேளுங்கள், வாடகை ஒழுங்காகக் கட்டினாரா என்று பாருங்கள், மற்றவர்களிடம் வாங்கும் அதே டெபாசிட்டை வாங்குங்கள் (இங்கே ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது). வாடகையின் மூன்று மடங்கு வருமானம் வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் மொத்த வாடகைக்குப் போடக் கூடாது. குடித்தனக்காரர் தன் கையிலிருந்து கட்டும் பங்குக்குத்தான் அது பொருந்தும்.

வீட்டுச்சாவி

முதல்வீடு, உங்களைப் போலத்தான் நானும் 2018ல் பயந்துகொண்டே வவுச்சரில் விட்டேன். என் வீட்டில் இருப்பவர் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் ஹெல்த் வேலை செய்யும் ஒரு அம்மா, கூட ஒரு பேரன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஏஜென்சி அனுப்பிய இன்ஸ்பெக்டர் காலை ஒன்பது மணிக்கு வந்தார். கையில் கட்டைவிரல் அளவு ஒரு டெஸ்டர். சமையலறை சிங்க் பக்கத்து பிளக்கில் அதைச் செருகி ஒரு பட்டனை அழுத்தினார். ஷாக் அடிக்காமல் இருக்க அந்த பிளக்கில் கரண்ட் தானாக அறுந்திருக்க வேண்டும், அறுபடவில்லை. ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு படுக்கையறை ஜன்னலை மூடி, பூட்டைத் திருப்பினார், பூட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அதையும் குறித்தார். புகை அலாரத்தை அழுத்தினார், அது கத்தியது. ஸ்டவ்வில் நாலு பர்னரையும் ஏற்றிப் பார்த்தார், வெந்நீரைத் திறந்து கையை வைத்தார். இருபத்தைந்து நிமிடம், அவ்வளவுதான். இரண்டு குறை. எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கை மாற்றினார், ஜன்னல் பூட்டை நானே மாற்றினேன். பத்து நாள் கழித்து வந்து பார்த்துவிட்டு பாஸ் என்றார். அந்த பிளக் அதற்கு முன் இரண்டு குடித்தனம் அப்படியே இருந்திருக்கிறது. ஈரக் கையோடு மிக்ஸி போட்டவர்கள் அத்தனை பேர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

முதல் பணம் ஏழு வாரம் கழித்து மொத்தமாக வந்தது. அந்த ஏழு வாரம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் ஏஜென்சி பங்கு நேராக என் கணக்குக்கு வந்துவிடும். 2020 ஏப்ரலில் அந்த அம்மாவின் வேலை நேரம் பாதியாகக் குறைந்தது. அவர் பங்கு குறைந்தது, ஏஜென்சி பங்கு கூடியது. எனக்கு வரவேண்டிய மொத்தம் ஒரு டாலர்கூட மாறவில்லை. அதே வருடம் என் இன்னொரு காண்டோவில் ஐடி வேலையில் இருந்தவர் வேலை போய் நாலு மாதம் வாடகை தரவில்லை. எந்த வீட்டால் என் கடனைக் கட்டினேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

டல்லாஸ்காரன்

டெக்சஸில் நிலைமை நேர் எதிர். ஆஸ்டின் நகரம் வவுச்சரைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2014 கடைசியில் சட்டம் போட்டது. 2015ல் மாநில சட்டசபை, எந்த நகரமும் அப்படிச் சட்டம் போடக் கூடாது என்று தடுத்துவிட்டது. முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் ஒரு விலக்கு. இங்கே வீட்டுக்காரர் நேராகவே "வவுச்சர் எடுப்பதில்லை" என்று எழுதி வைக்கலாம். நியூஜெர்சியில் இருக்கும் வரை அந்த ஒரு பலம் உங்களுக்கு உண்டு, அக்கா.

இங்கே ஒரு நல்லது, 2011லிருந்து டல்லாஸ் பகுதியில் ஜிப் கோடு வாரியாக வவுச்சருக்கு வாடகை வரம்பு. நல்ல பள்ளி இருக்கும் பகுதி என்றால் வரம்பும் கூடுதல். முன்பு ஊர் முழுவதற்கும் ஒரே வரம்பு என்பதால் எல்லோரும் வாடகை குறைந்த இரண்டு மூன்று பகுதிகளிலேயே போய்க் குவிந்தார்கள். உங்கள் ஏஜென்சியும் ஜிப் கோடு கணக்கு வைத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தீவுக்காரி

வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப நியூயோர்க் ஸ்டேட்டன் தீவில் இருக்கிறம். அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு வவுச்சருக்குப் பதிந்தோம், அகதிகளுக்கும் அந்தத் தகுதி இருக்கு. உங்களுக்கு ஆறு வருசம் என்றால் இங்க அதைவிட மோசம். நகர ஹவுசிங் அத்தாரிட்டியின் காத்திருப்புப் பட்டியல் 2009க்குப் பிறகு 2024 ஜூனில்தான் ஒரு கிழமை (ஏழு நாள்) திறந்தது. ஆறு லட்சத்துக்கு மேல் ஆட்கள் போட்டவை, குலுக்கலில் இரண்டு லட்சம் பேரைத்தான் பட்டியலில் சேர்த்தவை.

நான் செய்த ஒரு காரியம் சொல்லுறன். வீடு பார்க்கப் போகேக்க ஒரு மெல்லிய கோப்பு கொண்டு போவன். மேல வவுச்சர் பிரதி, பிறகு சம்பளச் சீட்டு, முந்தின வீட்டுக்காரர் தந்த கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம். முன்பக்கத்தில் ஒரே ஒரு தாள்: நாங்கள் எத்தனை பேர், மாதம் ஏஜென்சி எவ்வளவு தரும், நாங்கள் எவ்வளவு தருவம், எந்தத் திகதியில் தருவம். போனில் வவுச்சர் என்று சொன்னால் பாதிப் பேர் வைச்சிடுவினம். நேரில் போய் வீட்டைப் பார்த்து, அந்தத் தாளை மேசையில் வைச்சுக் கதைத்தால் ஆட்கள் வேறு மாதிரிக் கேட்கினம்.

இரு_பிள்ளை_அம்மா (பன்னிரண்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நோட்டு போட்டேன், 31 இடம் ஆகிவிட்டது. கோப்பும் தயார். நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், பதில் வரவில்லை.

இப்போது ஒரு சிக்கல். ஒரு வீடு எல்லாவிதத்திலும் பிடித்திருக்கிறது, பள்ளிக்கு நடந்தே போகலாம். 2,400 டாலர் வாடகை, கரண்ட் கேஸ் தனி. வவுச்சர் கணக்குக்குள் வராது என்றேன். அதற்கு அவர், "லீஸில் 2,200 போட்டுக்கொள்வோம், மீதி 200 மாதாமாதம் கையில் கொடுத்துவிடுங்கள், யாருக்கும் தெரியப் போவதில்லை" என்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. 25 நாள்தான் இருக்கிறது. சனிக்கிழமை பதில் சொல்லவேண்டும்.

பழைய_கோப்பு

வேண்டாம் தங்கச்சி. தயவுசெய்து வேண்டாம்.

லீஸில் இல்லாத பணத்தை வாடகைக்காக வாங்குவதும் கொடுப்பதும் இந்தத் திட்டத்தில் மோசடி. அவருக்கும் ஆபத்து, ஆனால் வவுச்சரை இழப்பது நீங்கள். அதற்கப்புறம் அந்த 200ஐ வைத்தே உங்களை மிரட்டலாம். அலாரம் வேலை செய்யவில்லை என்று புகார் கொடுக்கக்கூட உங்களால் முடியாது. "சொல்லிடுவேன்" என்ற ஒரு வார்த்தையில் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமல் இருந்தார்கள்.

உங்கள் தாளில் உள்ள எண்களைத் தனிச்செய்தியில் அனுப்பினீர்களே, அதை வைத்தே கணக்குப் போடுகிறேன் (இங்கே போடலாம் என்றும் சொன்னீர்கள்). கழிவுகள் போக மாத வருமானம் 1,800. அதில் 30 சதவீதம் 540, அது உங்கள் பங்கு. இரண்டு படுக்கையறைக்கு உங்கள் ஏஜென்சியின் வரம்பு 2,200. 2,200ல் 540 போக 1,660. ஏஜென்சி அதிகபட்சம் தருவது அவ்வளவுதான். வரம்புக்கு மேலே போகிற வாடகையை நீங்கள் ஏற்கலாம், ஆனால் முதல் லீஸின்போது உங்கள் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1,800ல் 40 சதவீதம் 720. ஆக வாடகையும் கரண்ட் கேஸ் கணக்கும் சேர்ந்து 2,380க்குள் இருக்க வேண்டும். கரண்ட் கேஸுக்கு ஏஜென்சி 150 என்று வைத்திருந்தால் வாடகை 2,230க்கு மேல் போகாது. இந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீடு பாருங்கள்.

அவர் சொல்வதில் லீஸ் 2,200, கரண்ட் கேஸ் 150, அதில் ஏஜென்சியின் 1,660 போக நீங்கள் உண்மையில் கட்டப்போவது 690, அதோடு ரொக்கம் 200, மொத்தம் 890. அந்த 1,800ல் கிட்டத்தட்ட பாதி. 40 என்ற கோட்டைப் போட்டதே உங்களை மாதிரி அவசரத்தில் இருப்பவர்கள் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான்.

வேண்டுமானால் அவரிடம் ஒரு தடவை நேராகக் கேளுங்கள்: "2,200க்கே விடுவீர்களா?" அக்கம்பக்கத்து வாடகையோடு ஒப்பிட்டு ஏஜென்சியும் அந்த வாடகை நியாயமா என்று பார்க்கும். இல்லை என்றால் விடுங்கள்.

வீட்டுச்சாவி

அம்மா, என் வீடு இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள், இல்லையென்றால் கூப்பிட்டுக் கொடுத்திருப்பேன். ஒரு யோசனை. பெரிய அபார்ட்மென்ட் கம்பெனிகளையும் இணைய விளம்பரங்களையும் மட்டும் பார்க்காதீர்கள். புல்வெளியில் ஒரு அட்டையைக் குத்தி வைத்திருப்பார்களே, பெரும்பாலும் வயதானவர்கள், அவர்களை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு தெருத்தெருவாக நடந்து பாருங்கள்.

வீடு 1978க்கு முன்பு கட்டியதா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பெண்ணுக்கு 5 வயது. ஆறு வயதுக்குள் குழந்தை இருந்தால், உரிந்து நிற்கும் பழைய பெயின்ட் கண்ணில் பட்டாலே இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால்.

முதல்வீடு

வரியை எடுத்துவிட்டேன். முதல் பணம் தாமதமாகும் என்பது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. அதை ஏஜென்சிகள் சரிசெய்தாலே பாதி வீட்டுக்காரர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் வீட்டுச்சாவி எழுதிய பிளக்கைப் படித்துவிட்டு என் காண்டோவில் போய்ப் பார்த்தேன். குளியலறை பிளக் அதே மாதிரிதான் இருந்தது. குடியிருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா, என் லீஸ் அக்டோபரில்தான் முடிகிறது. உங்களுக்கு அது உதவாது. அடுத்து வருபவர்கள் கேட்டால் வவுச்சர் என்பதற்காக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரு_பிள்ளை_அம்மா (ஐந்து வாரம் கழித்து)

எழுத நேரமே கிடைக்கவில்லை, மன்னியுங்கள்.

200 டாலர்காரரிடம் பழைய_கோப்பு அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நடந்தேன். மூன்றாவது தெருவில் ஒரு பழைய இரண்டு குடும்ப வீடு, படிக்கட்டில் அட்டை. கதவைத் திறந்தது எண்பது வயதிருக்கும் ஒரு போலந்துக்கார அம்மா. கீழே அவர் இருக்கிறார், மாடிதான் வாடகைக்கு. அப்போதே எனக்குத் தெரியும், இவர் வேண்டாம் என்றால் சட்டமும் எனக்குத் துணைக்கு வராது. தீவுக்காரி சொன்ன முன்பக்கத் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். பிறகு பையனைப் பார்த்து, மாடியில் பந்து விளையாடுவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றான். உள்ளே வரச் சொன்னார்.

வாடகை 2,150, ஹீட்டர் அதிலேயே. கரண்ட்டுக்கும் அடுப்பு கேஸுக்கும் ஏஜென்சி கணக்கு 140. மொத்தம் 2,290, கோட்டுக்குள் வந்துவிட்டது. ஏஜென்சி 1,660 தருகிறது, நான் அவர் கையில் கொடுக்க வேண்டியது 490. விண்ணப்பம் கொடுத்தது 52வது நாள். கடிகாரம் நின்றது. நீட்டிப்புக் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது.

முதல் இன்ஸ்பெக்‌ஷன் ஃபெயில். வீடு 1950களில் கட்டியது. பெரிய அறை ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, இந்த அம்மாவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் மருமகனைக் கூப்பிட்டார், அவர் ஈய வேலைக்குச் சான்று உள்ள ஆளைக் கூட்டி வந்தார். பிளாஸ்டிக் விரித்து, நனைத்துச் சுரண்டி, புதிதாக அடித்து, தூசி சோதனையும் எடுத்தார்கள். செலவு எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாவது இன்ஸ்பெக்‌ஷன், பாஸ்.

டெபாசிட் ஒரு மாத வாடகைதான் கேட்டார். என்னிடம் 1,300 இருந்தது. மீதியைத் தோழி கொடுத்தாள், மாதம் நூறாகத் திருப்பித் தரப்போகிறேன்.

அன்றைக்கு என்னிடம் அப்படிப் பேசியவர் மேல் புகார் எழுதி வைத்திருக்கிறேன். 180 நாள் இருக்கிறது என்றீர்கள். வீடு மாறி முடித்ததும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். எனக்கு அப்புறம் அவரைக் கூப்பிடப் போகிறவளை நினைத்துத்தான்.

வெள்ளிக்கிழமை சாவி. பையனுக்குப் பள்ளி மாற வேண்டியதில்லை, பஸ் நம்பர்தான் மாறுகிறது. பெண் தன் கட்டில் எந்த ஜன்னல் பக்கம் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டாள். அந்த அம்மா பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.